ரோபோகிட்ட நல்லா ஆடுறேன், ஆளுங்ககிட்ட தோக்குறேன்: தனியா டேபிள் டென்னிஸ் பிராக்டிஸ் பண்றவங்க கொஞ்சம் வாங்க

எட்ஜ்பால்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுமையா படிச்சுட்டு ஏதாவது வழி சொல்லுங்க.

நாலு வருசமா ஆடுறேன். பெரிய ஆட்டக்காரன்லாம் கிடையாது. ஷேக்ஹேண்ட் பிடி, ரெண்டு பக்கமும் சாதாரண ஸ்மூத் ரப்பர், ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின் (பந்து முன்பக்கமா சுத்துற மாதிரி தேச்சு அடிக்கிறது) மட்டும்தான் சொல்லிக்கிற மாதிரி இருக்கு, பேக்ஹேண்ட் சும்மா பந்த தள்ளி விடுவேன். என்கூட தினமும் ஆடிட்டு இருந்தவன் வேலை மாறிப் போயிட்டான், இப்ப வாரத்துல ஒருநாள் ஆள் கிடைச்சாலே பெருசு. சரி மத்த நாளு சும்மா இருக்கவேணாம்னு ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு ரோபோ வாங்கிப் போட்டேன். ஒத்த வீல் மாடல், தலைய இடம் வலம் ஆட்டிக்கிட்டே பந்து போடும், கூடவே ஒரு வலை, அடிச்ச பந்தெல்லாம் அதுல விழுந்து திரும்ப மெஷினுக்கே போயிரும். பந்து பொறுக்குற வேலையே இல்ல, முதல் மாசம் சொர்க்கமா இருந்துச்சு.

இப்ப பிரச்சன என்னன்னா, நிமிசத்துக்கு 60 பந்து வர்ற மாதிரி வச்சாலும் பத்துக்கு ஒம்பது உள்ள போடுறேன், வீடியோ எடுத்துப் பாத்தா ஸ்ட்ரோக்கும் முன்னவிட அழகாத்தான் இருக்கு, ஆனா வாரத்துல அந்த ஒருநாள் ஆளோட ஆடும்போது போன வருசம் நான் ஈசியா ஜெயிச்சவங்ககிட்டகூட தோக்குறேன். கேலி இல்ல, நெசமா. எல்லா பந்துக்கும் அரை நொடி லேட்டா இருக்கேன், பேக்ஸ்பின் (பின்பக்கமா சுத்துற) பந்த நெட்ல அடிக்கிறேன், சர்வ் ரிட்டர்ன் பத்தி பேசவே வேணாம்.

ரோபோவ வித்துட்டு ரிட்டர்ன் போர்டு (அடிச்ச பந்த திருப்பி அனுப்புற, ரப்பர் ஒட்டுன பலகை) வாங்கலாமான்னு யோசன. இல்ல அந்த வளையிற கம்பி நுனில பந்து மாட்டி இருக்குமே, தேச்சா சுத்துமே, அது ஏதாவது உதவுமா? டேபிள்ல பாதிய மடக்கி நிறுத்திட்டு ஆடுறதும் ஒண்ணு இருக்கு. தனியா ஆடிப் பழகி உண்மையிலயே முன்னேறுனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பழையபேட்:

சிம்பிள் தம்பி, அடுத்த மேட்ச்சுக்கு ரோபோவையும் தூக்கிட்டுப் போங்க, எதிராளிய உக்கார வச்சுட்டு அவருக்குப் பதிலா இத நிறுத்திருங்க 😀

சும்மா சொன்னேன். எனக்கும் இதே கதைதான் ஆச்சு, விவரம் தெரிஞ்சவங்க வருவாங்க, நானும் இங்கயே உக்காந்து படிக்கிறேன்.

மூணாவதுபந்து:

எட்ஜ்பால் ப்ரோ, ஒரு கேள்வி. ரோபோ பந்து போடுறப்ப நீங்க எதப் பாக்குறீங்க? அந்த ஓட்டையத்தானே? உங்க மொத்த பிரச்சனையும் அதுக்குள்ளதான் இருக்கு.

ஆளோட ஆடும்போது பந்து கிளம்புறதுக்கு முன்னாடியே நமக்கு சேதி வந்துருது. அவன் தோள் எந்தப் பக்கம் திரும்புது, பேட் மேல இருந்து கீழ வருதா கீழ இருந்து மேல போகுதா, பந்த தேய்க்கிறானா தட்டுறானா, இதெல்லாம் பாத்துதான் நம்ம காலு நகர ஆரம்பிக்கும். டேபிள் நீளமே 2.74 மீட்டர்தான், பந்து கிளம்புனதுக்கு அப்புறம் பாத்து முடிவெடுக்க நேரம் எங்க இருக்கு? நீங்க ஆறு மாசமா இந்த சேதியே வராத ஒரு இடத்தப் பாத்து ஆடிப் பழகியிருக்கீங்க. கண்ணுக்கு அந்த வேலையே இல்லாமப் போச்சு. போதாததுக்கு ரோபோ தாளம் போட்ட மாதிரி ஒரே இடைவெளில போடுது, உடம்பு அந்தத் தாளத்துக்குப் பழகிருச்சு, அதான் ஆளு கொஞ்சம் நிறுத்தி அடிச்சா நீங்க முன்னாடியே வீசிடுறீங்க, சட்டுன்னு அடிச்சா லேட் ஆகுறீங்க. அரை நொடி லேட்னு எழுதியிருக்கீங்களே, அது கை லேட் இல்ல, கண்ணு லேட்.

இன்னொண்ணு. ரோபோ எங்க இருக்கு? டேபிளுக்குப் பின்னாடி நட்ட நடுவுல. நீங்க எவ்ளோ அகலமா அடிச்சாலும் அடுத்த பந்து அதே நடுவுல இருந்துதான் வரும். நெசத்துல நீங்க ஓரத்துக்கு அடிச்சா அவன் ஓரத்துல இருந்து இன்னும் கோணமா திருப்புவான். அதுபோக நீங்க கேவலமா ஒரு பந்த அடிச்சாலும் ரோபோவுக்குக் கோவமும் வராது சந்தோசமும் வராது, அடுத்தத அதே மாதிரிதான் போடும். உயரமா வழவழன்னு போன பந்துக்கு தண்டனையே கிடையாது. பின்னாடி வலை வேற இருக்கா, பந்து எண்ட்லைன் (டேபிளோட கடைசி ஓரம்) தாண்டிப் போச்சா உள்ள விழுந்துச்சான்னு நீங்க சரியா கவனிக்கிறீங்களான்னே எனக்கு சந்தேகமா இருக்கு, பத்துக்கு ஒம்பதுன்றது எனக்கு கொஞ்சம் பெரிய கணக்காத் தெரியுது, கோச்சுக்காதீங்க.

அதுக்காக விக்க வேணாம். மெஷின் மேல தப்பு இல்ல, அதுகிட்ட என்ன வேலை வாங்குறோம்ங்கறதுதான் விசயம். முதல்ல வேகத்தக் குறைங்க, நிமிசத்துக்கு 30, 35 போதும். ஒவ்வொரு பந்து அடிச்சதும் முழுசா ரெடி நிலைக்குத் திரும்பி, கால் அகட்டி, பேட் முன்னாடி வந்து, அப்புறம்தான் அடுத்தது. 60 வச்சா என்ன ஆகும்னா பேட்ட முழுசா திரும்ப கொண்டுவராமயே சின்னதா வீசி வீசி சமாளிக்கப் பழகிருவீங்க, வீடியோல அழகாத் தெரியும், ஆனா எடைய காலுக்குக் கால் மாத்துறதே இருக்காது. ரோபோவ நடுவுல இருந்து எடுத்து பேக்ஹேண்ட் மூலைல வைங்க, ஒரு வாரம் கழிச்சு ஃபோர்ஹேண்ட் மூலைல. இடைவெளிய மாத்தி மாத்தி போடுற வசதி இருந்தா அத ஆன் பண்ணுங்க, நீங்க நாறிப்போவீங்க, பரவால்ல.

நெட்கார்டு:

மேல சொன்னது எல்லாம் கரெக்ட், நான் மெஷின் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா ஒத்த வீல்ன்றதே இங்க பாதிக் காரணம், அத யாரும் சொல்லல.

ஒத்த வீல் எப்படி வேலை செய்யுதுன்னா, சுத்துற வீல் பந்தோட ஒரு பக்கத்த மட்டும் உரசித் தள்ளும். வீல் மேல இருந்தா டாப்ஸ்பின், தலையத் திருப்பி கீழ கொண்டுவந்தா பேக்ஸ்பின், பக்கவாட்டுல வச்சா சைட்ஸ்பின். வேகமும் சுழலும் ஒரே வீல்ல இருந்து வர்றதால ரெண்டையும் பிரிக்கவே முடியாது, வேகத்தக் கூட்டுனா சுழலும் கூடும், குறைச்சா குறையும். சுழல் இல்லாத பந்து, அதாவது நோ-ஸ்பின், இந்த மாடல்ல வரவே வராது. யோசிச்சுப் பாருங்க, கிளப் லெவல்ல நம்ம ஆளுங்க அனுப்புற பந்துல பாதி ஸ்பின்னே இல்லாத மொக்கப் பந்துதான், அத நீங்க ஆறு மாசமா ஒண்ணுகூட அடிச்சிருக்க மாட்டீங்க.

ரெண்டு வீல்ல மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ரெண்டும் சமமா சுத்துனா நோ-ஸ்பின், மேல் வீல் வேகமா சுத்துனா டாப்ஸ்பின், கீழ் வீல் வேகமா சுத்துனா பேக்ஸ்பின், அதனால மெதுவா வர்ற கனமான பேக்ஸ்பின்கூட செட் பண்ணலாம். மூணு வீல்ல (அமிகஸ்னு ஒரு ரோபோ இருக்கே, அது மாதிரி) சைட்ஸ்பினையும் எந்தக் கோணத்துல வேணா கலக்கலாம், பந்துக்குப் பந்து வேற வேற ஸ்பின் வர்ற மாதிரி வரிசையா பதிஞ்சு வைக்கலாம். இதுக்காக உடனே புதுசு வாங்கச் சொல்லல. உங்க மெஷின் எதைத் தராதுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா, தராத அந்த ஐட்டத்த வாரத்துல ஒருநாள் கிடைக்கிற ஆளுகிட்ட கேட்டு வாங்கலாமே, அவ்ளோதான்.

அப்புறம் பந்து. புதுப் பிளாஸ்டிக் பந்து மேல ஒரு மாவு மாதிரி பவுடர் இருக்கும், கழுவாம மெஷின்ல போட்டா அது வீல்ல ஒட்டி வீல் வழுக்கும், ஒண்ணு நெட்ல விழும் அடுத்தது சீறிட்டுப் போகும், நீங்க உங்க ஸ்ட்ரோக்தான் தப்புன்னு நெனச்சுட்டு இருப்பீங்க. வெதுவெதுப்பான தண்ணில அலசி துணில துடச்சு போடுங்க. வெவ்வேற கம்பெனி பந்த கலக்காதீங்க, விரிசல் விட்ட பந்து ஒண்ணு உள்ள போனாலும் மாட்டிக்கும். வீல் ரப்பர் தேய்மானத்தையும் அப்பப்ப பாருங்க, அது மெதுவாத்தான் தேயும், அதனால போடுற பந்து மாறுறது உங்களுக்கே தெரியாது.

எட்ஜ்பால்:

அய்யோ நோ-ஸ்பின் விசயம் இப்பத்தான் மண்டைல ஏறுது. போன வாரம் ஒரு பெரியவர்கிட்ட தோத்தேன், அவரு ஒண்ணுமே பண்ணல, பந்த சும்மா தட்டி விட்டாரு, நான் வரிசையா எண்ட்லைன் தாண்டி அடிச்சேன், அவரு சிரிச்சுக்கிட்டே பாயிண்ட் எண்ணுனாரு.

பத்துக்கு ஒம்பதும் பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு. நேத்து வலைய கழட்டிட்டு ஆடிப் பாத்தேன். பத்துக்கு ஆறு. சில சமயம் அஞ்சு. மனசு உடஞ்சு போச்சு, பந்து பொறுக்கி முதுகும் உடஞ்சுச்சு.

ரிட்டர்ன் போர்டு பத்தி யாரும் சொல்லலையே?

லாங்பிம்பிள்ஸ்:

நான் வர்றேன். எட்டு வருசமா ரிட்டர்ன் போர்டுதான் என் பார்ட்னர், பேட்டரி வேணாம் கரண்ட் வேணாம் வேலை மாறிப் போகாது. நான் தற்காப்பு ஆட்டக்காரன், அதனால என் பார்வை கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், மூணாவதுபந்து சார் ஒத்துக்க மாட்டாரு.

போர்டுல என்ன நல்லதுன்னா நீங்க என்ன கொடுக்குறீங்களோ அதுக்குத் தக்கதான் திரும்பி வரும். மோசமா அடிச்சா மோசமா வரும். ரோபோல இல்லாத அந்த தண்டனை இதுல உண்டு. ஆனா ஒரு சூட்சுமம் இருக்கு, அது தெரியாம வாங்குறவங்க ரெண்டு நாள்ல பரண்ல போட்டுருவாங்க. போர்டு மேல ஒட்டியிருக்கிற ரப்பர் பிடிப்பானதா இருந்தா நீங்க டாப்ஸ்பின் அடிச்சதும் பந்து போர்டுல பட்டு மேல எகிறும், அதனால போர்ட முன்னாடி சாய்ச்சு வைக்கணும், நம்ம பிளாக் பண்றப்ப (வர்ற பந்துக்கு பேட்ட சும்மா குறுக்க காட்டுறப்ப) பேட்ட மூடுறோம் பாருங்க அதே மாதிரி. புஷ் (பந்தோட அடிய தேச்சு பேக்ஸ்பின்னோட தள்ளுறது) பண்ணிப் பழகணும்னா அப்படியே எதிர்மாறா, பேக்ஸ்பின் பந்து பட்டதும் கீழ இறங்கும், அதனால போர்ட பின்னாடி சாய்ச்சு முகத்த மேல பாக்க வைக்கணும். ஒரே கோணத்துல வச்சுட்டு ரெண்டையும் ஆடுனா ஒண்ணு தலைக்கு மேல போகும் இன்னொண்ணு நெட்டுல செத்துப்போகும்.

ரப்பர் பிடிப்பில்லாம வழுக்குற மாதிரி இருந்தா கதையே வேற. நீங்க டாப்ஸ்பின் அடிச்சா அந்தச் சுழல் அப்படியே பந்துல தங்கி உங்களுக்கு பேக்ஸ்பின்னா திரும்பி வரும். லாங் பிம்பிள்ஸ் ரப்பர்கிட்ட (நீளமான முள்ளு முள்ளா இருக்குமே) மாட்டிக்கிட்டு முழிக்கிறீங்க இல்ல, அதே சங்கதி. எங்கிட்ட ரெண்டு விதமும் இருக்கு, பழைய ரப்பர் வீணாப்போனா தூக்கிப் போடாம பலகைல ஒட்டி நானே செஞ்சுக்கிட்டேன்.

தூரமும் முக்கியம். போர்ட நெட்டுக்குப் பக்கத்துல வைக்காதீங்க, பந்து பாதி தூரம் போயிட்டே திரும்பிரும், மூச்சு விட நேரம் இருக்காது. எதிர்ப்பக்கம் கடைசில வைங்க. அப்பவும் மனுசன் அடிக்கிறதவிட கொஞ்சம் சீக்கிரமாத்தான் வரும்.

மடக்குற டேபிள் பத்தியும் கேட்டிருந்தீங்க. அதுல எதிர்ப் பாதி நெட் இருக்குற எடத்துலயே செங்குத்தா நிக்கும், அதனால பந்து ரொம்ப சீக்கிரம் வரும், மரப்பலகைங்கறதால சுழலும் ரப்பர் மாதிரி மாறாது. பிளாக்கும் கைவேகமும் பழகலாம், லூப் (நல்லா தேச்சு அடிக்கிற டாப்ஸ்பின்) பழக ஆகாது. ஒண்ணு பண்ணுங்க, நின்னுட்டு இருக்குற பாதில கீழ இருந்து 15.25 செ.மீ உயரத்துல குறுக்க ஒரு டேப் ஒட்டுங்க, அதான் நெட் உயரம். அதுக்கு மேல ஒரு சாண் அளவுக்குள்ளதான் பந்து படணும்னு வச்சு ஆடுங்க. டேப் இல்லாம ஆடுனா நெட்டுக்குக் கீழ அடிச்சுட்டு நல்லா ஆடுறதா நெனச்சுக்குவீங்க.

மூணாவதுபந்து:

லாங்பிம்பிள்ஸ் சார், ஒத்துக்க மாட்டேன்னு சரியா கணிச்சுட்டீங்க 🙂 போர்டு தண்டனை தரும்னு சொன்னீங்க, ஆனா போர்டுக்கு முடிவெடுக்கத் தெரியாதே. அதுவும் ரோபோ மாதிரிதான், பேட் அசைவும் கிடையாது, உடம்பு அசைவும் கிடையாது. நீங்க அடிச்சதுதான் திரும்பி வருதுங்கறதால அது எங்க வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், அதனால இன்னும் மோசம்னுகூட சொல்லுவேன்.

லாங்பிம்பிள்ஸ்:

நான் ஒண்ணும் அதுகூட ஆடுனா மேட்ச் ஜெயிக்கலாம்னு சொல்லலையே. கைக்கு நிதானம் வரும், நூறு பந்து விடாம புஷ் பண்ற பொறுமை வரும், அது ரோபோல வருமா சொல்லுங்க. ரோபோ பந்து போட்டுக்கிட்டே இருக்கும், ஒண்ணு தவறுனா என்ன அடுத்தது வரும்னு ஒரு அலட்சியம் வந்துரும். போர்டுல தவறுனா ஆட்டமே நின்னுபோகும், குனிஞ்சு பந்த எடுக்கணும். அந்தக் குனியிறதுதான் சார் என் கோச்.

பழையபேட்:

"அந்தக் குனியிறதுதான் என் கோச்": இத எழுதி செவுத்துல ஒட்டப்போறேன். என் முட்டி ஒத்துக்காது, ஆனாலும் ஒட்டுவேன்.

ஸ்பின்மேல்ஸ்பின்:

கம்பி நுனில பந்து பத்தி கேட்டீங்களே, நான் சின்னப் பசங்களுக்கு சொல்லிக் கொடுக்குறவன், அத பசங்களுக்கு மட்டும்தான் உபயோகிக்கிறேன். பந்த தட்டாம தேய்க்கிறதுன்னா என்னன்னு கைக்குத் தெரியவைக்க அதவிட வேகமான வழி இல்ல, பத்து நிமிசத்துல புரிஞ்சுரும், பந்து சர்ருன்னு சுத்துறது கண்ணுக்குத் தெரியும். ஆனா பந்து ஒரே எடத்துல நிக்குது, வர்ற பந்து இல்ல, டைமிங்னு ஒண்ணு அதுல கிடையவே கிடையாது. நாலு வருசமா லூப் ஆடுற உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, பேக்ஹேண்ட் டாப்ஸ்பின் புதுசா கத்துக்கணும்னா ஒரு வாரத்துக்கு இரவல் வாங்குங்க போதும்.

நான் கேக்க வந்தது வேற. இவ்ளோ பேரு இவ்ளோ எழுதியாச்சு, சர்வ் பத்தி யாருமே பேசலையே? தனியா பழகுறதுல மேட்ச்ல நடக்குற மாதிரியே அச்சு அசலா பழக முடியறது சர்வ் மட்டும்தான். மேட்ச்லயும் அந்த ஒரு பந்துலதான் எதிராளியோட தயவு தேவையில்ல, பந்து உங்க கைலயே இருக்கு, எங்க எப்படி எப்பன்னு நீங்கதான் முடிவு பண்றீங்க. அதுக்கு எந்த மெஷினும் வேணாம், ஒரு கூடை பந்து போதும். எட்ஜ்பால், ஆறு மாசத்துல தனியா எத்தன சர்வ் போட்டிருப்பீங்க, உண்மையச் சொல்லுங்க.

எட்ஜ்பால்:

உண்மையச் சொல்றேன்... பூஜ்யம். ரோபோவுக்கு எதிரா சர்வ் போட முடியாதேன்னு அதப் பத்தி நெனக்கவே இல்ல.

ஸ்பின்மேல்ஸ்பின்:

அதான் பாத்தேன்.

சரி கேளுங்க. ரோபோவ ஓரமா வச்சுட்டு எதிர்ப்பக்கம் ஒரு காகிதம் வைங்க, ஏ4 தாள் சைஸ். நீளமான சர்வ்னா முதல் பவுன்ஸ் உங்க எண்ட்லைனுக்குக் கிட்ட விழணும், தாள் எதிர்ப்பக்க எண்ட்லைனுக்கு ஒரு சாண் உள்ள. குட்டை சர்வ்னா முதல் பவுன்ஸ் நெட் பக்கமா வரணும், அந்தப் பக்கம் ரெண்டு தடவையாவது குதிக்கணும், ரெண்டாவது பவுன்ஸ் எண்ட்லைன் கிட்ட வந்தா அருமையான சர்வ். நிறைய பேரு நெட்ட ஒட்டி குட்டியா போடுறதுதான் கெத்துன்னு நெனக்கிறாங்க, அது ரொம்ப குட்டையா இருந்தா எதிராளி ஒரு எட்டு முன்னாடி வந்து மணிக்கட்ட சுண்டி ஃபிளிக் பண்ணிட்டுப் போயிருவான்.

பேக்ஸ்பின் ஏறுதான்னு தெரிஞ்சுக்க டேபிளே தேவையில்ல. தரைல நின்னு பந்த அடில தேச்சு முன்னாடி விடுங்க, அது குதிச்சு நின்னு உங்ககிட்டயே திரும்பி உருண்டு வரணும். வரலன்னா தேய்க்கல, தள்ளுறீங்க. டேபிள்ல அது வளர்ந்தா நெட்ட தாண்டிப் போய் விழுந்து திரும்ப நெட்டப் பாத்து வரும், கோஸ்ட் சர்வ்னு வீடியோ போடுறாங்களே அதான். மேட்ச்ல அவ்ளோ உயரமா போட்டா எதிராளி சந்தோசமா அடிப்பான், ஆனா சுழல் அளவு தெரிஞ்சுக்க நல்ல தேர்வு. பந்தச் சுத்தி மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சீங்கன்னா சுழலோட அச்சு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு கண்ணாலயே பாத்துரலாம், கோடு நேரா தெரிஞ்சா சுத்தமான பேக்ஸ்பின், ஆடிக்கிட்டே போனா சைட்ஸ்பின் கலந்துருக்கு.

ஃபோன பக்கவாட்டுல நிறுத்தி ஸ்லோமோஷன்ல எடுங்க, ஏன்னா தனியா பழகுறப்ப தப்பு சர்வ் சத்தமில்லாம ஒட்டிக்கும், சொல்ல ஆள் இல்ல. பந்து விரிச்ச உள்ளங்கைல இருந்து கிட்டத்தட்ட நேரா மேல குறைஞ்சது 16 செ.மீ போகணும், எண்ட்லைனுக்குப் பின்னாடிதான் இருக்கணும், டேபிள் மட்டத்துக்குக் கீழ போகக்கூடாது, உங்க உடம்போ சும்மா இருக்குற கையோ எதிராளிக்கு பந்த மறைக்கக்கூடாது. அந்த மறைக்கிற விதி 2002ல வந்துச்சு, இன்னும் பாதிப் பேரு கைய எடுக்காமத்தான் போடுறாங்க.

ரோபோவையும் இதுல சேக்கலாம். சில மெஷின்ல தலையக் கீழ சாய்ச்சா பந்து முதல்ல அதோட பக்கம் குதிச்சு சர்வ் மாதிரியே வரும். அதுல ரிட்டர்ன் பழகலாம், ஆனா மூணாவதுபந்து சொன்ன அதே குறை இருக்கும், என்ன சுழல்னு பாத்துக் கண்டுபிடிக்க அங்க பேட் இல்ல. அதுக்கு ஆள்தான் வேணும். வாரத்துல ஒருநாள் கிடைக்கிற ஆளோட மேட்ச் மட்டும் ஆடி நேரத்த வீணாக்காதீங்க, அரைமணி நேரம் அவர சர்வ் மட்டும் போடச் சொல்லி ரிட்டர்ன் எடுங்க, அப்புறம் நீங்க போடுங்க, அவருக்கும் லாபம்தான.

மூணாவதுபந்து:

இத நான் முழுசா ஒத்துக்கறேன், என் பேர்லயே அதான இருக்கு. சர்வ் போட்டதோட நிக்காம, ரிட்டர்ன் வந்த மாதிரி நெனச்சு மூணாவது பந்துக்கு (சர்வ் ஒண்ணு, ரிட்டர்ன் ரெண்டு, அடுத்து நீங்க அடிக்கிறது மூணு) கால் நகர்த்தி வெறும் கைல ஒரு ஸ்ட்ரோக்கும் போடுங்க. சிரிப்பா இருக்கும், ஆனா சர்வ் போட்டுட்டு சிலை மாதிரி நிக்கிற பழக்கம் போயிரும்.

வெறும் கைல இன்னொண்ணும் ஆடலாம், ஃபால்கன்பெர்க். பேக்ஹேண்ட் மூலைல ஒரு பேக்ஹேண்ட், அதே மூலைல சுத்தி நின்னு ஒரு ஃபோர்ஹேண்ட், அப்புறம் ஓடிப்போய் வலது ஓரத்துல ஒரு ஃபோர்ஹேண்ட், திரும்ப முதல்ல இருந்து. (இடதுகைக்காரங்க திருப்பிப் போட்டுக்கங்க.) ஸ்வீடன்ல இருக்குற ஃபால்கன்பெர்க் கிளப் பேரு அது, 1971ல உலக சாம்பியன் ஆன ஸ்டெல்லன் பெங்ட்சன் அங்க வளர்ந்தவரு. ரெண்டு நிமிசம் தாங்குனீங்கன்னா பெரிய விசயம். இத மெஷின்ல போட மூணு எடம் வரிசையா பதியிற வசதி வேணும், ஆனா டேபிளே இல்லாமலும் ஆடலாம், கண்ணாடி முன்னாடி இன்னும் நல்லது.

பழையபேட்:

எனக்கு ஒரு சந்தேகம், சம்பந்தம் இல்லாம இருந்தா விட்டுருங்க. ஆள மாதிரியே ஆடுற ரோபோலாம் வந்துருச்சுன்னு சொல்றாங்களே, அது வீட்டுக்கு வந்தா இந்தப் பஞ்சாயத்தே தேவையில்லையே?

நெட்கார்டு:

கூகுள் டீப்மைண்ட் 2024ல காட்டுனத சொல்றீங்கன்னு நெனக்கிறேன். கேமரா வச்சு பந்த பாத்து பேட் பிடிச்ச ரோபோ கையால திருப்பி ஆடுது. 29 பேரோட ஆடி 45 சதவீத மேட்ச் ஜெயிச்சுது, புதுசா ஆடுறவங்க எல்லாரையும் ஜெயிச்சுது, நல்லா ஆடுறவங்ககிட்ட ஒண்ணு விடாம தோத்துது. கனமான பேக்ஸ்பின்தான் அதுக்கும் தகராறு. அதனால எட்ஜ்பால், பேக்ஸ்பின்ன நெட்ல அடிக்கிறது நீங்க மட்டும் இல்ல, மனச தேத்திக்கங்க 😄

நம்ம வீட்டு மெஷின் அந்த ஜாதி இல்ல. அது பாக்காது, திருப்பி அடிக்காது, வீல் சுத்தி பந்தத் துப்பும், அவ்ளோதான். ரெண்டையும் ரோபோன்னே கூப்பிடுறதாலதான் இவ்ளோ எதிர்பார்ப்பு வந்துருது.

எட்ஜ்பால்:

ஆறு வாரம் ஆச்சு, யாராவது தேடி வந்து படிச்சா உதவட்டும்னு எழுதுறேன்.

ரோபோவ விக்கல. பேக்ஹேண்ட் மூலைல வச்சு நிமிசத்துக்கு 35தான். பந்த கழுவிப் போட்டேன், நெட்கார்டு சொன்ன மாதிரி பாதித் தொந்தரவு மெஷினோடதுதான்னு தெரிஞ்சுது. வலைய மாட்டுறதில்ல, அதுக்குப் பதிலா கடைசில ஒரு துண்ட விரிச்சு அது மேல விழுந்தா மட்டும் கணக்கு. இப்ப ஏழு. நெசமான ஏழு.

தினமும் மெஷின ஆன் பண்றதுக்கு முன்னாடி நூறு சர்வ். முதல் வாரம் ஸ்லோமோஷன்ல பாத்தா என் டாஸ் பத்து செ.மீகூட போகல, நாலு வருசமா தப்பு சர்வ் போட்டுட்டு இருந்திருக்கேன், ஒருத்தரும் சொல்லல. அத சரி பண்ணப் போனதுல இருந்த சர்வும் போச்சு, ரெண்டு வாரம் கேவலமா இருந்துச்சு, இப்பத்தான் திரும்பி வருது. தரைல உருட்டுற பந்து பத்துக்கு நாலு தடவ கிட்ட திரும்பி வருது. மூணாவது பந்துக்கு வெறும் கைல வீசுறதப் பாத்து வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க.

வாரத்துல வர்ற ஆளுகிட்ட அரைமணி நேரம் சர்வ் மட்டும் போடச் சொன்னேன், முதல்ல மொறச்சாரு, இப்ப அவரே கேக்குறாரு. அவரு தேய்க்கிறதையும் தட்டுறதையும் இப்ப கொஞ்சம் கண்டுபிடிக்கிறேன், எல்லாத்தையும் இல்ல.

அந்தப் பெரியவர்கிட்ட மறுபடி ஆடுனேன். ஒரு கேம் எடுத்தேன், மொத்தத்துல 3-1ல தோத்தேன். சர்வ்ல மட்டும் ஏழெட்டு பாயிண்ட் வந்துச்சு. முடிஞ்சதும் பேட்ட வாங்கிப் பாத்துட்டு, "ரப்பர மாத்திட்டியா"ன்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னேன், நம்பல.

லாங்பிம்பிள்ஸ்:

நம்ப மாட்டாரு. அடுத்த வாட்டி பேட்ட கொடுக்காதீங்க. அப்புறம் அந்த மொக்கப் பந்துக்கு என்ன பண்ணீங்க, இன்னும் வெளியவா அடிக்கிறீங்க?

எட்ஜ்பால்:

பாதி வெளிய. அதுக்கு மட்டும் ஒரு பலகை தேடிட்டு இருக்கேன், பழைய ரப்பர் ரெண்டு கைவசம் இருக்கு, நீங்க எதுல ஒட்டுனீங்கன்னு சொல்லுங்க.

லாங்பிம்பிள்ஸ்:

கனமான பிளைவுட், ரப்பர் ஒட்டுறதுக்கு பேட்டுக்குப் போடுற அதே பசைதான். பின்னாடி கீல் வச்ச ஒரு கால் கொடுங்க, கோணம் மாத்த வசதியா இருக்கும். லேசான பலகை வேணாம், நாலு அடில பின்னாடி நகர்ந்துரும், நான் முதல்ல செஞ்சது அப்படித்தான் டேபிள்ல இருந்து கீழ விழுந்து கால் கட்டைவிரல பதம் பாத்துச்சு.